உளி யாருடைய ரத்தத்தில் இருக்கிறது?



தச்சு வேலை பற்றிப் பேச்சு வந்தால், ‘அதெல்லாம் ரத்தத்திலேயே ஊறியிருக்கணும்’ என்று யாராவது சொல்வார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் இழைத்துப் பார்த்தால் உள்ளே சாதி இருக்கும்.

எட்டு மாதங்களாக ஞாயிறுதோறும் ஒரு பட்டறையில் தச்சு வேலை பழகுகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக அல்ல, ஆசைக்காக. என் தாத்தா பண்ணையில் கூலியாள். எங்கள் வீட்டில் இதற்குமுன் யாரும் உளி பிடித்ததில்லை. கற்றுத்தருபவரை ஊரே ‘ஆசாரி’ என்கிறது. நான் அண்ணன் என்கிறேன்.

முதல் மூன்று வாரம் மரத்தையே தொடவில்லை, தீட்டல்தான். உளியின் முதுகைக் கல்லில் படுக்கவைத்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தை 25, 30 பாகைக் கோணத்தில் ஆடாமல் தேய்க்க வேண்டும். மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும், அதையும் எடுக்க வேண்டும். கூர் வந்துவிட்டதா என்று அண்ணன் தன் கை முடியை வழித்துப் பார்ப்பார்.

அப்புறம் இழைப்புளி. தள்ளத் தொடங்கும்போது அழுத்தம் முன்கையில், முடிக்கும்போது பின்கையில். மாறினால் கட்டையின் இரண்டு முனையும் சரிந்துவிடும். நார் மேலேறும் திசையில் தள்ளினால் சுருள் சுருளாக வரும், எதிர்த்துத் தள்ளினால் செதில் செதிலாகப் பெயரும். தேக்கு சொன்ன பேச்சு கேட்கும். வேம்பில் நார் பின்னிக் கிடக்கும். ஒரே பலகையில் ஓரிடம் வழவழவென்று வரும், நாலு விரற்கடை தள்ளிப் பெயர்ந்துகொண்டு வரும். பழகப் பழக, இழைப்புளி போடும் சத்தத்திலேயே அது தெரிகிறது. இந்தக் காது எனக்குப் பிறவியில் வந்ததல்ல, எட்டு மாதத்தில் வந்தது.

‘எங்களுக்கு இது பொறப்புலயே வந்தது தம்பி’ என்பார் அண்ணன். சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். அவர் மகன் பொறியியல் முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறார். இழைப்புளிக்கு அலகு மாட்டத் தெரியாது. அதில் அண்ணனுக்குப் பெருமை, எனக்கும் மகிழ்ச்சி.

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்கிறோம். பள்ளி மூன்று மணி நேரம், மீதிப் பொழுது பெற்றோர் தொழில். பெரியார் எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்பது இது: அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என் அப்பா கைக்கு உளி வந்திருக்குமா? களைக்கொத்திதான் வந்திருக்கும். அதைக் கைத்தொழில் கற்றுக்கொடுத்த திட்டம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒருவர் தொழிலை இன்னொருவர் பிள்ளை கற்காமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் அது.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படவில்லை. 2024 நவம்பரில், இப்போதுள்ள வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று அறிவித்தது. சரியான முடிவு.

ஆனால் நம் தோழர்களில் சிலர் கைத்தொழில் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். புரிகிறது. சாதி திணித்த வேலைகளிலிருந்து தப்பி வந்தவர்கள் நாம். என் தாத்தா மீது பண்ணை வேலை திணிக்கப்பட்டது. தச்சு அவருக்கு மறுக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு, எனக்கு இரண்டும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐ.டி.ஐ.யில் தச்சர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். உங்கள் தெருவில் சொல்லுங்கள், பெண் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். சும்மா பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அரை அங்குல உளி, ஒரு ரம்பம், மூலைமட்டம், தீட்ட ஒரு கல் போதும். நம் படிப்பு வட்டத்து அலமாரிக்கு இன்னும் இரண்டு தட்டு வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு பலகை வாங்கப் போகிறேன். இரண்டு பேர் கூட வந்தால் தூக்க வசதியாக இருக்கும்.