ஆகாய கங்கை: இறங்கிட்டா பாதிதான் முடிஞ்சிருக்கு

இன்னைக்கு எபிசோடுல ஒரு சின்ன நடையைப் பத்திப் பேசப் போறேன். கூட்டிட்டுப் போக கைடு வேணாம், டென்ட் வேணாம், பெரிய ஷூ வேணாம். பாதை முழுக்கப் படிக்கட்டு. ஆனா இந்த நடை பல பேரை ஏமாத்திடும். கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைத்தான் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் மோகனூர். நாமக்கல் மாவட்டம், காவிரிக்கரை. எதிர்க்கரையில வாங்கல், அது கரூர் மாவட்டம். எங்க ஊர்ல தண்ணி சத்தமே இல்லாம அகலமாப் போகும். அதே மாவட்டத்துல, மலைக்கு மேல, ஐயாறு கிட்டத்தட்ட 300 அடி உயரத்துல இருந்து விழுது. அதுதான் ஆகாய கங்கை. அங்க விழுந்த தண்ணி பாறையும் காடுமா இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை பக்கம் போகுது.

எங்க ஊர்ல இருந்து போறவங்க நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி வந்துடுவாங்க. அங்க இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டிருக்கும். பின் சீட்டுல இருக்கிறவங்களுக்குத் தலை சுத்தும், அதனால காலையில இட்லியை அளவாச் சாப்பிடுங்க. மேல ஏறினா சோளக்காடு, அப்புறம் செம்மேடு. செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை இருக்கு. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர், இந்த மலையை ஆண்டவர். ஆடி மாசம் அவருக்கு விழா எடுப்பாங்க. அதையும் தாண்டிப் போனா அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலுக்குப் பக்கத்துலயே அருவிக்கான படிக்கட்டு ஆரம்பிக்குது.

ஆயிரம் படிக்கு மேல. ஒரு படி 15 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டாலும் 150 மீட்டர் ஆச்சு. அதாவது 50 மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. வேடிக்கை என்னன்னா, மத்த மலையில முதல்ல ஏறுவோம், களைச்சுப் போய் இறங்குவோம். இங்க தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறங்கிட்டு, தெம்பு போனப்புறம் ஏறணும்.

இறங்கும்போது மூச்சு வாங்காது. அதனால ஒண்ணும் தெரியாது. ஆனா தொடைத் தசை முழுநேரமும் பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கும். நீண்டுகிட்டே உடம்பு எடையைத் தாங்குற வேலை அது. பாதியிலேயே முழங்கால் கிடுகிடுன்னு ஆடுறதும், அடுத்த ரெண்டு நாள் பாத்ரூம் போக சுவரைப் பிடிக்கிறதும் அதனாலதான். ஏறும்போது வேலை நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் மாறிடும்.

போன முறை அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அம்மாவுக்கு 61 வயசு, வலது முழங்கால்ல வலி. அறப்பளீஸ்வரரை மூணு தடவை கும்பிட்டிருக்காங்க, அருவியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "சத்தம் மட்டும் கேட்டுட்டுத் திரும்பிடுவோம் கண்ணு, உங்கப்பாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடும்"னாங்க. அப்பா இப்ப இல்லை.

கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு ஒப்பந்தம் போட்டோம். அம்பது படிக்கு ஒரு தடவை உட்காரணும். கால் வலிக்குதான்னு நான் கேட்க மாட்டேன், அவங்களே சொல்லணும். ஏன்னா கேட்டா எங்கம்மா "இல்லை"ன்னுதான் சொல்லுவாங்க. உங்க அம்மாவும் அப்படித்தான்னு நினைக்கிறேன்.

பாதிக்குக் கொஞ்சம் மேல இறங்கியிருப்போம். அம்மா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "இதுக்கு மேல இறங்கினா ஏற முடியாது சாமி. நீ போயிட்டு வா." மரத்துக்கு நடுவுல சாரல் தெரியுது, சத்தம் காதை அடைக்குது. இன்னும் நானூறு படி. "மெதுவா போலாம்மா"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொல்லலை. அவங்க கால் அவங்களுக்குத்தான் தெரியும். கீழ போய் முழங்கால் பூட்டிக்கிட்டா தூக்கிட்டு வர யாராவது ஒவ்வொரு படியா ஏறணும். வண்டி வராது. எங்க போன்ல சிக்னலும் இல்லை.

அங்க அன்னாசிப்பழம் அறுத்து வித்துக்கிட்டிருந்த மலைக்கார அக்கா ஒருத்தங்க, "அம்மா எங்கூட இருக்கட்டும், போயிட்டு வாங்க"ன்னாங்க. நான் போய், நனைஞ்சு, ஒரு மணி நேரத்துல திரும்பி வந்தேன். ரெண்டு பேரும் சாமை எப்படிக் குத்துறதுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. மிளகுக்கொடியை எந்த மரத்துல ஏத்துவாங்க, பலா எந்த மாசம் வரும், அந்தக்கா காலையில கூடையைத் தூக்கிக்கிட்டு எத்தனை மணிக்கு இறங்குவாங்க, எல்லாம் அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் அருவியைப் பத்திச் சொல்ல வந்தேன். கார்ல வீடு வர்ற வரைக்கும் அவங்கதான் மலையைப் பத்திச் சொல்லிக்கிட்டு வந்தாங்க. அருவி பார்க்கலையேன்னு ஒரு வார்த்தை சொல்லலை.

போறவங்களுக்குச் சில விஷயம். காலையிலேயே போயிடுங்க, மதியத்துக்கு மேல இறங்காதீங்க. இறங்க ஆன நேரத்தை ரெண்டால பெருக்கி, ஏற அவ்வளவு நேரம் ஒதுக்குங்க. கனமழைக் காலத்துல வனத்துறை பாதையை மூடினா வாக்குவாதம் பண்ணாதீங்க. அருவியில வெயில் அடிச்சாலும் மேல எங்கயோ மழை பெய்யலாம். தண்ணி கலங்கி, சருகும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்தா செல்ஃபியை விட்டுட்டு உடனே வெளிய வந்துடுங்க. பாறை வழுக்கும். கையில தின்பண்டப் பை இருந்தா குரங்கு வரும். காலி பாட்டிலைத் திரும்ப மேல தூக்கிட்டு வாங்க, இல்லைன்னா அந்தக்கா மாதிரி ஒருத்தங்கதான் அதைக் கூடையில சுமக்கணும்.

முக்கியமா, கூட வர்றவங்க "போதும்"னு சொன்னா அது போதும்தான். ரீல்ஸ்ல அருவியோட அடிவாரம் மட்டும்தான் தெரியும், நடுப்படியில உட்கார்ந்திருக்கிறவங்க தெரிய மாட்டாங்க. அவங்களும் கொல்லிமலைக்கு வந்தவங்கதான்.

நீங்க யாரையாவது இப்படிப் பாதிவழி கூட்டிட்டுப் போயிருந்தா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.