ஒரு சென்ட் தோட்டத்துக்கு எத்தனை குடம்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா என்னிடம் கேட்டார்கள். "மேடம், டவுன்ல நான் வேலை பாக்குற வீட்டுல புல்லுக்கு மழை மாதிரி தண்ணி தெளிக்கிற மிஷின் வச்சிருக்காங்க. அதுல தண்ணி மிச்சமாகுதாம். நம்ம வீட்டுத் தோட்டத்துக்கும் வைக்கலாமா? குழுவுல உள்கடன் கிடைக்குமா?" என்று. நல்ல கேள்வி. விசாரித்ததில் இன்னும் பல பேருக்கு இந்த ஆசை இருப்பது தெரிந்தது. அதனால் இன்றைக்கு இதையே பேசுவோம். கடனைப் பற்றிப் பேசும் முன்னால் தண்ணீரைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

முதலில் குடக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் அது ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ரேடியோவில் இத்தனை மில்லிமீட்டர் மழை என்று சொல்கிறார்களே, அதுவும் இதே அளவுதான். இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் பெருக்கல்தான்.

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். நம் விருதுநகர் மாவட்டத்துக் கோடை வெயிலில், நெருக்கமாக வளர்ந்த புல்தரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். 40-ஐ 5-ஆல் பெருக்குங்கள். 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 13 குடத்துக்கும் மேலே.

மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அப்படியானால் ஒரு சென்ட் புல்தரை ஒரு குடும்பத்தின் தண்ணீரைக் கிட்டத்தட்ட முழுசாகக் குடித்துவிடும். மிஷின் எவ்வளவு நல்ல மிஷினாக இருந்தாலும் இந்தத் தேவை குறையாது. வீணாவதைத்தான் மிஷின் குறைக்கும்.

அமெரிக்காவில் நெவாடா என்ற மாநிலத்தில் லாஸ் வேகாஸ் என்று ஒரு பெரிய ஊர். பாலைவனத்து ஊர். புல்தரையை எடுத்துவிடும் வீட்டுக்காரர்களுக்கு அங்குள்ள தண்ணீர் வாரியம் பணம் கொடுக்கிறது. வெறும் பார்வைக்காகச் சாலையோரத்திலும் கட்டிடங்களைச் சுற்றியும் வளர்க்கும் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடக் கூடாது என்று 2021-லேயே சட்டம் போட்டார்கள். வசதியான ஊரே இப்படிக் கணக்குப் பார்க்கும்போது, குழாயில் தண்ணி வரும் நாளுக்காகக் காத்திருக்கும் நாம் பார்க்க வேண்டாமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த 13 குடத்தையும் நிரப்பப் போவது யார்? தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் பகல் முழுக்க உழைத்துவிட்டு வரும் நாம்தான். இடுப்பு நம்முடையது. அதனால் கணக்கும் நாம்தான் போட வேண்டும்.

தெளிப்பான் எங்கே சரிப்படும்?

தெளிப்பான் என்பது நெருக்கமாக முளைக்கும் பயிருக்கு ஏற்றது. புல், கீரை, வெங்காயம், நிலக்கடலை போன்றவை. வீட்டுக் கிணறோ போரோ இருந்து, மோட்டாரும் இருந்தால் ஒரு சென்ட்டுக்கு இப்படி அமைக்கலாம். மணிக்கு 40 லிட்டர் தெளிக்கும் சின்னத் தெளிப்பான் 10 எண்ணம். ஒன்றுக்கொன்று 2 மீட்டர் இடைவெளி. ஒன்றின் தூறல் அடுத்ததன் காலடி வரை போய் விழ வேண்டும். அப்போதுதான் நடுவில் காய்ந்த திட்டு விழாது. பத்தும் சேர்ந்து மணிக்கு 400 லிட்டர். அரை மணி நேரம் ஓடினால் 200 லிட்டர், அதாவது 5 மில்லிமீட்டர். அதற்குமேல் ஓடினால் வீண்.

மொட்டை மாடித் தொட்டியில் இணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சின்னத் தெளிப்பானுக்கே குறைந்தது ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். அதற்குத் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் மாடித் தொட்டி இருப்பது மூன்று, நாலு மீட்டர். தெளிப்பான் தெளிக்காது, சொட்டிக்கொண்டு நிற்கும். அதற்காக ஊராட்சிக் குடிநீர்க் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது சட்டப்படி தவறு. மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். கடைசி வீட்டுச் சகோதரிக்குத் தண்ணியும் வராது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தூறல் பறக்காதா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். தெளிப்பான் வைத்திருப்பவர்கள் விடியற்காலையில், காற்று கிளம்பும் முன்னால் ஓட்டுங்கள். கரிசல் மண் ஒருமுறை நனைந்துவிட்டால் மெதுவாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். அதனால் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். மலையடிவாரச் செம்மண் சீக்கிரம் வடித்துவிடும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

சரியாகத் தெளிக்கிறதா என்று பார்க்க இன்ஜினியர் தேவையில்லை. பக்கம் நேராக உள்ள ஒரே அளவு டப்பா எட்டைத் தோட்டத்தில் பரவலாக வைத்து, 15 நிமிடம் ஓட்டுங்கள். பிள்ளைகளின் ஸ்கேலை விட்டு ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் தண்ணி என்று பாருங்கள். ஒன்றில் நாலும் இன்னொன்றில் ஒன்றுமாக இருந்தால் இடைவெளி தப்பு, அல்லது முனையில் அடைப்பு.

நம் வீட்டுக்கு எது போதும்?

இப்போது புல்லை விட்டுவிட்டு நம் சமையலுக்கு வருவோம். நாலடிக்குப் பத்தடி ஒரு கீரைப் பாத்தி. அதற்கு ஒரு நாளைக்குத் தேவை 18, 19 லிட்டர். ஒரு குடமும் கொஞ்சமும். இதற்கு எதற்கு மிஷின்? ஒரு பூவாளி போதும்.

கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை எல்லாம் சேர்த்து 30 செடி. செடிக்கு 2 லிட்டர் என்றால் 60 லிட்டர். கீரையையும் கூட்டினால் 80 லிட்டருக்குள், ஐந்தரைக் குடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 13 எங்கே, ஐந்தரை எங்கே! செடிகளின் வேரில் மட்டும் விடுவதால் வந்த மிச்சம் இது. அரிசி களைந்த தண்ணி, காய் கழுவிய தண்ணியைச் சேர்த்தால் சுமை இன்னும் குறையும்.

இந்த 30 செடிக்கு டிரம் சொட்டுநீர் ஏற்றது. 200 லிட்டர் டிரம்மை ஒரு மீட்டர் உயரத்தில் கல் அடுக்கி வையுங்கள். அடியில் ஒரு வால்வு, அடுத்து ஒரு பில்டர், அதிலிருந்து கறுப்பு லேட்டரல் பைப், செடிக்கு ஒரு டிரிப்பர். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மணிக்கு 4 லிட்டர் என்று போட்ட டிரிப்பர், இந்த உயரத்தில் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் போலத்தான் விடும். பரவாயில்லை. ஒன்றரை மணி நேரத்தில் 2 லிட்டர் இறங்கிவிடும், கரிசலுக்கு அந்த வேகம்தான் நல்லது. தரை மட்டமாக இருக்க வேண்டும். முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் கீழே டம்ளர் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். அளவு ஒன்றுபோல இருந்தால் சரி. நம் பக்கம் பல ஊரில் உப்புத் தண்ணி. வாரம் ஒருமுறை பைப்பின் கடைசி முனையைத் திறந்து அலசி விடுங்கள், பில்டரைக் கழுவுங்கள்.

அதற்கும் வசதி இல்லையா? மண் பானை இருக்கிறது. சுட்ட, மேல்பூச்சு இல்லாத பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணி ஊற்றி மூடுங்கள். மண் காயக் காயப் பானை கசியும், சுற்றிலும் உள்ள செடி குடித்துக்கொள்ளும். சீனாவில் 2000 வருஷத்துக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பூசணி, சுரை, பாகலுக்கு ரொம்பப் பொருத்தம். எந்த முறையானாலும் செடியடியில் கடலைத் தொலியோ காய்ந்த சருகோ போட்டு மூடாக்கு வையுங்கள். வெயில் மண்ணைத் தொடாவிட்டால் தண்ணி நிற்கும்.

கவனிக்க வேண்டியவை

• மலிவாகக் கிடைக்கிறது என்று கெமிக்கல், பெயிண்ட், அச்சு மை இருந்த பழைய டிரம்மை வாங்காதீர்கள். சிவகாசிப் பக்கம் இது எளிதாகக் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். உணவுப் பொருள் இருந்த டிரம் அல்லது புது டிரம் மட்டும்தான்.

• பட்டாசு வேலைக்குப் போட்டுப் போன உடுப்பை அலசிய தண்ணியைக் கீரைக்கும் காய்க்கும் விடாதீர்கள். சோப்புத் தண்ணியை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

• டிரம்முக்கும் பானைக்கும் இறுக்கமான மூடி போடுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணியில்தான் முட்டையிடும்.

தண்ணீரும் கடனும்

நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஒரு சென்ட் கூரையில் விழுவது மட்டும் 32,000 லிட்டர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் பெய்கிறது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீட்டில் உடைந்தும் அடைத்தும் கிடக்கிறது. முதல் செலவை அதில் செய்யுங்கள்.

சொட்டுநீருக்கு ஐந்து வீடு சேர்ந்து ஒரு ரோல் லேட்டரல் பைப் வாங்கினால் மலிவு. அதற்குக் குழுவில் தீர்மானம் எழுதி உள்கடன் எடுக்கலாம். நிலம் உள்ளவர்கள் வயலுக்குப் போடுவதானால் கடனே வேண்டாம். நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயி சான்றிதழோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். மண் பற்றிச் சந்தேகம் இருந்தால் அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும் முன்னால் மூன்று நாள், உங்கள் வீட்டுக்கு எத்தனை குடம் வந்தது, யார் தூக்கினார்கள், எதற்குச் செலவானது என்று சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடு போட்டாலும் போதும். ஊக்குநர்கள் அதைக் கூட்டிக் கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டுக்குப் பூவாளி, எந்த வீட்டுக்கு டிரம், யாருக்குக் கடன் என்று எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுப்போம்.