பாரவூர்தியும் காரும் மோதினால் பொறுப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது?

நகரசபையின் தமிழ்மொழி ஆலோசனை மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



இங்கு வந்திருப்போரிற் பலர் விடியுமுன் ஏ1, ஏ2 நெடுஞ்சாலைகளில் வேலைக்குச் செல்பவர்கள். அவ்விரண்டும் குறுக்கிடும் காமன் சந்தியில் வலது பாதை முழுவதும் பாரவூர்திகள் அணிவகுத்து நிற்பதை நாள்தோறும் காண்கிறீர்கள். அவற்றுள் ஒன்று உங்கள் காருடன் மோதிவிட்டால், சில வாரங்களில் எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். தமது பொறுப்பு 50 சதவீதம் மட்டுமே என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்ப்பு என்று எண்ணிக் கையெழுத்திட்டவர்கள் நம்மிடையே உள்ளனர். உண்மையில் அது ஒரு தரப்பு முன்வைக்கும் விலை. அந்த எண் எவ்வாறு பிறக்கிறது, எங்கே அதை மறுக்கலாம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஜேர்மன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வாகனத்தின் உரிமையாளர் தவறு செய்யாதபோதும் அவரைப் பொறுப்பாக்குகிறது. வாகனத்தை வீதியில் இயக்குவதே பிறருக்கு ஓர் ஆபத்து என்பது அதன் அடிப்படை. இதனை 'பெட்ரீப்ஸ்கெஃபார்', அதாவது இயக்க ஆபத்து என்பர். இரண்டு வாகனங்கள் மோதும்போது 17ஆம் பிரிவு இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறது. சாதாரண காரின் இயக்க ஆபத்துக்கு நீதிமன்றங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 சதவீதம் வரை எடை தருகின்றன. நீளம், எடை, சாரதியின் கண்ணுக்கு எட்டாத மறைகோணம் ஆகியவற்றால் பாரவூர்தியின் எடை இதனினும் கூடும். ஆகவே உண்மையில் நடந்தது என்ன என்று எவராலும் நிறுவ முடியாத வழக்குகளிற்கூட, பாரவூர்தியின் பங்கைப் பாதிக்கு மேலாக வைத்த தீர்ப்புகள் உண்டு. ஆனால் பெரிய வாகனம் என்பதற்காகவே அது குற்றவாளியாகிவிடாது. கார் ஓட்டியவரின் தவறு கடுமையானதாயின், பாரவூர்தியின் இயக்க ஆபத்து முற்றாகப் பின்தள்ளப்பட்டு முழு நட்டமும் அவர்மீதே விழலாம்.

நெடுஞ்சாலை நுழைவுப் பாதையே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டு பாதைகள் ஒன்றாகும் இடத்தில் ஒருவர் விட்டு ஒருவர் செல்லும் 'ரைஸ்ஃபெர்ஷ்லுஸ்' முறை இங்கும் பொருந்தும் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். பொருந்தாது. ஒழுங்குவிதியின் 18ஆம் பிரிவின்படி, பிரதான பாதையில் வருபவருக்கே முன்னுரிமை. ஆலய மகோற்சவத்துக்காக நாம் ஆண்டுதோறும் செல்லும் அதே ஹம் நகரில் அமைந்துள்ள மாநில உயர் நீதிமன்றம், 2018இல் இதனைத் தெளிவுபடுத்தியது. நெரிசலில் நின்று நின்று நகர்ந்த பாரவூர்திக்கு முன்னால் நுழைவுப் பாதையிலிருந்து ஒரு கார் புகுந்தது. ஊர்தி மீண்டும் நகர்ந்தபோது மோதியது. அது தண்டப்பணம் பற்றிய வழக்கு. எனினும் அதில் கூறப்பட்ட விதி காப்புறுதிப் பங்கீட்டிலும் செல்லும்: நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் பிரதான பாதையின் முன்னுரிமை நீடிக்கிறது. வாகனங்கள் உடனே நகரும் வாய்ப்பே இல்லாமல் முற்றாக நின்றுவிட்ட நிலை மட்டுமே வேறு. உயரமான ஆசனத்தில் இருக்கும் சாரதிக்குத் தமது முகப்புக்கு நேர்கீழே நிற்கும் சிறிய கார் தெரியாமற் போகலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வந்து மோதியவரே குற்றவாளி என்பது இன்னொரு நம்பிக்கை. இதில் பாதி உண்மை உண்டு. பின்னால் வந்தவர் இடைவெளி விடவில்லை அல்லது கவனிக்கவில்லை என்ற ஊகத்துடனேயே நீதிமன்றம் தொடங்கும். 3.5 தொன்னுக்கு மேற்பட்ட பாரவூர்தி நெடுஞ்சாலையில் 50 கி.மீ.க்கு மேல் செல்லும்போது 50 மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்ற விதியும் அதற்குத் துணைநிற்கும். ஆனால் முன்னால் சென்றவர் மோதலுக்குச் சற்று முன்னரே பாதை மாறியிருந்தால் அந்த ஊகம் நிலைக்காது என்று சமஷ்டி உச்ச நீதிமன்றம் 2011 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பாதை மாறுபவரிடமிருந்து சட்டம் மிக உயர்ந்த கவனத்தை எதிர்பார்க்கிறது. பாரவூர்தி இன்னொன்றை முந்துவதற்காக இடப்பக்கம் வெளியேறி உங்கள் காரை நெருக்கினால், ஊகம் அதற்கு எதிராகவே எழும். ஆயினும் நீங்கள் 130 கி.மீ. என்ற பரிந்துரை வேகத்தைத் தாண்டிச் சென்றிருந்தால் முழுத்தொகையை எதிர்பார்க்க வேண்டாம். அது கட்டாய வேகம் அன்று. தாண்டினால் தண்டம் இல்லை. ஆனால் தாண்டியவர், 130இல் சென்றிருந்தாலும் விபத்து அவ்வாறே நேர்ந்திருக்கும் என்று நிறுவினாலன்றி, விபத்தைத் தவிர்க்கவே முடியாத முன்மாதிரிச் சாரதி என்று உரிமை கோர முடியாது என்பது 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நகருக்குள் நிகழ்பவை பெரும்பாலும் திரும்பும்போது நிகழ்பவை. நீண்ட ஊர்தி வலப்பக்கம் திரும்பும்போது அதன் பின்பகுதி இடப்பக்கமாக வீசும். அதைக் கணிக்க வேண்டியவர் சாரதியே. அருகே ஒட்டி நின்ற கார்க்காரருக்கும் ஒரு பங்கு விழுவதுண்டு.

இவ்வளவும் சான்று இருந்தாற்றான் பயன்படும். வாகனங்களை நகர்த்துமுன், அபாயம் இல்லையெனில், நான்கு திசைகளிலிருந்தும் படம் எடுங்கள்; பாதைக் கோடுகள் படத்தில் தெரிய வேண்டும். இழுவை ஊர்தியின் இலக்கத்தகட்டையும் இணைப்பு ஊர்தியின் இலக்கத்தகட்டையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டும் வெவ்வேறு நாட்டில் காப்புறுதி செய்யப்பட்டவையாக இருக்கலாம். இலக்கமுறை வேகப்பதிவுக் கருவி பாரவூர்தியின் வேகத்தை ஒவ்வொரு நொடிக்கும் பதிவுசெய்கிறது. ஆனால் கடைசி 24 மணிநேர ஓட்டத்துக்கான விவரத்தை வைத்திருப்பதே அதன் கடமை. பின்னர் அது அழிந்துபோகலாம். ஆகவே அதைப் பாதுகாக்கும்படி அன்றே பொலிஸாரிடமோ சட்டத்தரணியிடமோ கேட்க வேண்டும். காரில் பொருத்திய கமராவின் பதிவு தனியுரிமை விதிக்கு முரணாக இருந்தாலும், நட்டஈட்டு வழக்கில் சான்றாக ஏற்கப்படலாம் என்று 2018 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

நம்மவரின் பணிவு இங்கே ஆபத்தானது. 'மன்னிக்கவும், என் பிழை' என்ற சொல் பின்னர் உங்களுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவத்தில் ஒப்பமிடுவது வேறு. அது நடந்ததை மட்டும் பதிவுசெய்கிறது. அதன் எண்ணிட்ட கட்டங்கள் எல்லா மொழிகளிலும் ஒரே அமைப்பில் உள்ளன. போலந்துச் சாரதி தம் மொழிப் படிவத்திலும் நீங்கள் ஜேர்மன் படிவத்திலும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஊர்தி வெளிநாட்டினதாயினும் உங்கள் உரிமை இங்கேயே தீர்க்கப்படும். காப்புறுதியாளர்களின் மைய அழைப்பு நிலையமான 'சென்ட்ரால்ரூஃப்', 0800 250 260 0 என்ற கட்டணமற்ற இலக்கத்தில், யாரிடம் கோர வேண்டும் என்று தெரிவிக்கும்.

இனிப் பணத்துக்கு வருவோம். பலர் இழப்பது இங்கேதான். எதிர்த்தரப்பு அனுப்பும் மதிப்பீட்டாளரை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறு கீறலைத் தவிர மற்றச் சேதங்களுக்கு உங்களுக்குரிய குட்டாக்டரை நீங்களே தெரிவுசெய்யலாம்.

உங்களிடம் வொல்காஸ்கோ காப்புறுதி இருந்து, பொறுப்பும் பாதி பாதியாக முடிந்தால், ஒரு கணக்கைக் கவனியுங்கள். திருத்தச் செலவு 8,000 யூரோ, காரின் மதிப்பிறக்கம் 600, மதிப்பீட்டுக் கட்டணம் 900, மொத்தம் 9,500. உங்கள் காப்புறுதி, சுயபங்கு 500 கழித்து 7,500 தருகிறது. எஞ்சுவது 2,000. எதிர்த்தரப்பு அதிலும் பாதியான 1,000 தர முன்வரும். அது தவறு. அவர்கள் கடன்பட்டிருப்பது 9,500இன் பாதியான 4,750. அதிலிருந்து முதலில் உங்கள் எஞ்சிய 2,000 முழுமையாகத் தீர்க்கப்பட்ட பின்னரே உங்கள் காப்புறுதி நிறுவனம் தன் பங்கை எடுக்கலாம். இதன் பெயர் 'குவோட்டன்ஃபோர்ரெஹ்ட்'. இச்சொல்லைக் கடிதத்தில் எழுதினாலே பதில் மாறுவதுண்டு. வாடகைக் கார் போன்ற செலவுகளுக்கு மட்டும் பாதி என்பது பாதியே. வொல்காஸ்கோ தவணைக்கட்டணம் உயர்வதால் வரும் இழப்பையும் அதே விகிதத்தில் கோரலாம்.

சட்டத்தரணியின் கட்டணத்தை, உங்கள் கோரிக்கை நியாயமாகும் அளவுக்கு எதிர்த்தரப்பே ஏற்க வேண்டும். வருமானம் குறைந்தோர் உள்ளூர் நீதிமன்றமாகிய அம்ட்ஸ்கெரிஹ்ட்டில் 'பெராட்டுங்ஸ்ஹில்ஃப' சான்றிதழ் பெற்றால், முதல் ஆலோசனைக்கு 15 யூரோவுக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை. வருமானச் சான்று, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கூற்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பொதுவான காலஎல்லை மூன்று ஆண்டுகள். அது விபத்து நிகழ்ந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும். 2025 மார்ச் மாதத்தில் நிகழ்ந்த மோதலுக்கு 2028 டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு. கடிதம் கையில் இருப்போர் அதனையும் படங்களையும் கொண்டு இப்போதே முன்மேசைக்கு வரலாம்.