வாழ்வில் ஒரு பிடிப்பு

(கற்போர் மையத்தில் நிகழ்த்திய உரை)



கிங்ஸ் சர்க்கிளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நடுவில் வட்டமான தோட்டம். அதன் பெயர் மகேஸ்வரி உத்யான். சுற்றிலும் ஓயாத வண்டிகள். ஒரு பக்கம் காந்தி மார்க்கெட். கொஞ்ச தூரத்தில் சண்முகானந்தா மண்டபம். மாட்டுங்கா கடைத்தெருப் பக்கம் போனால் பூ வாசனை வரும். மல்லி, கனகாம்பரம், துளசி, வாழை இலை எல்லாம் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஒரு கோயில் தெருவுக்குள் நுழைந்தது போல இருக்கும்.

அங்கே பூக் கட்டும் ஒரு பாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். வயது எழுபதுக்கு மேல். விரல்கள் தாமாகவே முடிச்சுப் போடும். "பாட்டி, இந்த வயதில் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூ நிறைய வேண்டும். நான் போகாவிட்டால் யார் கட்டுவது?" என்பார்.

தாராவியில் ஒரு தாத்தாவையும் நினைத்துக் கொள்ளுங்கள். அவருக்கும் அதே வயதுதான். நாற்பது ஆண்டுகள் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தவர். கண் மங்கியது. கை நடுங்கியது. வேலை நின்றது. இப்போது மகன் வீட்டில் ஒரு மூலையில் கட்டில். சோறு கிடைக்கிறது. மருந்தும் கிடைக்கிறது. ஆனாலும் அவர் சொல்கிறார்: "நான் இனி யாருக்கு வேண்டும்? சும்மா கிடக்கிறேன்."

இருவருக்கும் வயது ஒன்றுதான். வசதியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டியிடம் இருக்கும் ஒன்று தாத்தாவிடம் இல்லை. அது என்ன? அதைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

ஒரு ஜப்பானியச் சொல்

ஜப்பான் நாட்டில் ஒரு சொல் இருக்கிறது. இக்கிகய் என்பது அந்தச் சொல். "இக்கி" என்றால் வாழ்வது. "கய்" என்றால் பயன். எதனால் வாழ்வது பயனுள்ளது என்று ஒருவர் நினைக்கிறாரோ, அதுவே அவருடைய இக்கிகய்.

இது புரியாத சொல் அல்ல. "வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வேண்டும்" என்று தமிழில் சொல்கிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அதே பொருள்தான்.

இக்கிகய் பெரிய காரியமாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு அது பேரக் குழந்தை. இன்னொருவருக்கு வாசலில் வைத்த துளசிச் செடி. மற்றொருவருக்கு அவருடைய தொழில். காலையில் கண் விழித்ததும் "இன்றைக்கு இதைச் செய்ய வேண்டும்" என்று ஒன்று தோன்ற வேண்டும். அது போதும்.

தீவில் ஒரு மருத்துவர்

இந்தச் சொல்லை ஆழமாக ஆராய்ந்தவர் ஒரு பெண். பெயர் மியேகோ கமியா. 1914-ல் பிறந்தவர். மனநல மருத்துவர்.

ஜப்பானில் நாகாஷிமா என்று ஒரு தீவு உண்டு. அங்கே தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை 1930-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் ஊரை விட்டு, உறவை விட்டுப் பிரித்துவிடுவார்கள். அந்தத் தீவுக்குக் கமியா பல ஆண்டுகள் போய் வந்தார். நோயாளிகளோடு பேசினார். ஒன்றைக் கவனித்தார்.

ஒரே நோய். ஒரே மருத்துவமனை. ஒரே சாப்பாடு. ஆனால் சிலர் வெறுமையோடு நாளைக் கழித்தார்கள். வேறு சிலர் மகிழ்ச்சியோடு வாழ்ந்தார்கள். காரணம் என்ன? மகிழ்ச்சியோடு இருந்தவர்களுக்கு வாழ்வில் ஒரு பிடிப்பு இருந்தது. இதைப் பற்றி 1966-ல் கமியா ஒரு நூல் எழுதினார். இன்றும் ஜப்பானியர் அதைப் படிக்கிறார்கள். கமியா 1979-ல் காலமானார்.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. வடாலாவில் உள்ள ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனைதான் அது. 1890-ல் தொடங்கப்பட்டது. வீடில்லாத தொழுநோயாளிகளுக்கு அது புகலிடமாக இருந்தது. இன்று தொழுநோயை மருந்தால் முழுதாகக் குணப்படுத்தலாம். ஆனால் "நீ வேண்டாம்" என்று ஒதுக்குவது இருக்கிறதே, அந்தக் காயத்துக்கு மாத்திரை கிடையாது. முதியவர்களை மூலையில் உட்கார வைப்பதும் ஒரு விதத்தில் ஒதுக்குவதுதான்.

ஒரு கேள்வி, 43,391 பேர்

"பிடிப்பு இருந்தால் மனசுக்கு நல்லது. சரி, ஆயுள் கூடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஜப்பானில் ஒசாக்கி என்ற பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்த்தார்கள். 1994-ல் 43,391 பேரிடம் கேட்டார்கள். எல்லோரும் 40 முதல் 79 வயது வரை உள்ளவர்கள். கேள்வி எளிமையானது: "உங்கள் வாழ்வில் இக்கிகய் இருக்கிறதா?" சிலர் இருக்கிறது என்றார்கள். சிலர் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள்.

பிறகு ஏழு ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. "இல்லை" என்றவர்களுக்குச் சாவின் அபாயம் ஒன்றரை மடங்காக இருந்தது. முக்கியமாக இதய, இரத்தக் குழாய் நோய்களால் அவர்கள் அதிகம் இறந்தார்கள். புற்றுநோயில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். உடம்பு நன்றாக இருப்பவருக்குத்தானே பிடிப்பு இருக்கும்? நோயாளிக்கு எப்படி இருக்கும்? ஆராய்ச்சியாளர்களும் இதை யோசித்தார்கள். வயது, படிப்பு, புகை, குடி, ஏற்கனவே உள்ள நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். அப்படியும் வித்தியாசம் இருந்தது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பிடிப்பு என்பது மருந்து அல்ல. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடத்தான் வேண்டும். இரத்த அழுத்தத்தைப் பார்க்கத்தான் வேண்டும். பிடிப்பு உள்ளவர் மருந்தை மறக்காமல் சாப்பிடுவார். ஏனென்றால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்கிறது.

வாழைநாரில் ஒரு வாழ்க்கை

ஜப்பானின் தெற்கே ஒகினாவா என்ற தீவு இருக்கிறது. அதன் வடக்குப் பகுதியில் ஒகிமி என்ற கிராமம். நீண்ட ஆயுளுக்குப் பேர் பெற்ற ஊர். அந்த ஊரில் ஒரு பெண் வாழ்ந்தார். பெயர் தோஷிகோ தைரா. 1921-ல் பிறந்தவர்.

அந்த ஊர்ப் பெண்கள் வாழைநாரில் துணி நெய்வார்கள். பழம் தரும் வாழை அல்ல அது. நாருக்காகவே வளர்க்கும் வேறு வகை வாழை. இரண்டாம் உலகப் போரின்போது தைரா வெளியூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1945-ல் ஒகினாவாவில் கடும் போர் நடந்தது. பொதுமக்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

போர் முடிந்து தைரா ஊர் திரும்பினார். வாழைத் தோப்புகள் வெட்டப்பட்டுக் கிடந்தன. கொசு பெருகாமல் இருக்கப் படையினர் வெட்டிவிட்டார்கள். ஊரில் கணவனை இழந்த பெண்கள் பலர். கையில் தொழில் இல்லை. வீட்டில் வருமானம் இல்லை.

தைரா மறுபடியும் வாழையை வளர்த்தார். அந்தப் பெண்களைச் சேர்த்துக் கொண்டார். வேலை எளிதல்ல. வாழை வளர மூன்று ஆண்டுகள் ஆகும். வெட்டி, பட்டை உரித்து, சாம்பல் நீரில் வேக வைப்பார்கள். மூங்கிலால் வழித்து நார் எடுப்பார்கள். நாரோடு நாரை முடிந்து நூலாக்குவார்கள். ஓர் உடைக்குச் சுமார் 200 வாழை வேண்டும்.

இந்த முடிச்சுப் போடும் வேலையை வயதான பெண்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்வார்கள். கண் கொஞ்சம் மங்கினாலும் விரலுக்குத் தெரியும். ஒரு பாட்டியின் முடிச்சு இல்லாமல் அந்தத் துணி இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் பூக் கட்டும் பாட்டி இப்போது நினைவுக்கு வருகிறார் அல்லவா?

ஜப்பான் அரசு 1974-ல் அந்த நெசவை நாட்டின் முக்கியச் செல்வமாக அறிவித்தது. 2000-ல் தைராவையே "வாழும் தேசியச் செல்வம்" என்று போற்றியது. அவர் 2022-ல் காலமானார். அப்போது வயது 101. நூறை நெருங்கிய வயதிலும் அவர் நார் வேலையை விடவில்லை.

மோவாய் என்ற சீட்டு

ஒகினாவாவில் மோவாய் என்று ஒரு பழக்கம் உண்டு. சில பேர் சேர்ந்து ஒரு குழுவாக இருப்பார்கள். மாதம் ஒரு முறை கூடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். அந்தப் பணம் முறை வைத்து ஒவ்வொருவருக்காகப் போகும்.

"இது நம் சீட்டு அல்லவா?" என்கிறீர்களா? ஆமாம். மகளிர் சுய உதவிக் குழுவைப் போலவும் இருக்கிறது. ஆனால் மோவாயில் பணம் பாதிதான். மீதிப் பாதி பேச்சு. "போன மாதம் ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருக்கிறது. "மூட்டு வலி எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்க ஆள் இருக்கிறது. தனக்காகக் காத்திருக்க நாலு பேர் இருந்தால், அதுவே ஒரு பிடிப்பு.

சாப்பாட்டிலும் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பத்துப் பங்கு வயிற்றில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். வள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொல்கிறார். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் பாட்டிகளும் சொன்னார்கள்.

ஒகினாவா கற்ற பாடம்

எல்லாம் நல்லபடியே நீடித்ததா? இல்லை. 1985-ல் ஒகினாவா ஆண்களின் ஆயுள் ஜப்பானிலேயே முதலிடத்தில் இருந்தது. 2000-ல் 26-ஆம் இடத்துக்கு இறங்கியது. இளையவர்களின் சாப்பாடு மாறியது. எண்ணெயும் இறைச்சியும் கூடின. காரில் போவது கூடியது, நடப்பது குறைந்தது.

ஆகவே நீண்ட ஆயுள் மண்ணில் இல்லை. இரத்தத்திலும் முழுதாக இல்லை. பெரும் பகுதி பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் போனால் ஆயுளும் போகும்.

மாட்டுங்காவில் ஓர் ஆசான்

ஜப்பான் வரை போக வேண்டாம். 1945-ல் திருவிடைமருதூரைச் சேர்ந்த குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் மாட்டுங்காவில் ஒரு நடனப் பள்ளி தொடங்கினார்கள். ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் என்பது பெயர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கல்யாணசுந்தரம் பிள்ளை 1932-ல் பிறந்தவர். பரதம் சொல்லிக் கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்டார். 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்போது வயது தொண்ணூறு.

விருது எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்க எல்லோராலும் முடியும்.

தாத்தாவுக்கு என்ன செய்யலாம்?

இப்போது தாராவித் தாத்தாவிடம் திரும்புவோம்.

அவருக்குக் கண் மங்கியது உண்மை. கை நடுங்குவது உண்மை. ஆனால் நாற்பது ஆண்டு அனுபவம் எங்கே போனது? எந்தத் தோல் நல்ல தோல் என்று தொட்டே சொல்வார். எங்கே வெட்டினால் வீணாகாது என்று அவருக்குத் தெரியும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் அவரிடம் கேட்டுக் கொள்ளலாம். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். கண்ணாடி போட்டுக் கொண்டு இந்த மையத்துக்கு வரலாம். எழுத்தைக் கற்கலாம். திருநெல்வேலியில் இருக்கும் தங்கைக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. "அப்பா, நீங்கள் சும்மா இருங்கள்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த "சும்மா" அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது. "அப்பா, இதை நீங்கள்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதியவர் பசிக்காக உழைக்க வேண்டிய நிலை நல்லதல்ல. அவருக்கு ஓய்வூதியம் வேண்டும். மருத்துவம் வேண்டும். ஓய்வும் வேண்டும். பிடிப்பு என்ற பெயரில் பாட்டியின் முதுகில் சுமையை ஏற்றக் கூடாது. பூக் கட்டுவதும் கட்டாமல் இருப்பதும் பாட்டியின் விருப்பமாக இருக்க வேண்டும். கட்டாயத்தில் செய்தால் அது வேலை. விரும்பிச் செய்தால் அது பிடிப்பு.

இன்று இரவு படுக்கும்போது ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். "நாளைக் காலையில் எனக்காக எது காத்திருக்கிறது?" பதில் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு செடியாக இருக்கலாம். ஒரு குழந்தையாக இருக்கலாம். இந்தப் பாடப் புத்தகத்தின் அடுத்த பக்கமாகவும் இருக்கலாம்.



கலந்து பேசுங்கள்

1. காலையில் எழுந்ததும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது?

2. உங்கள் வீட்டு முதியவருக்கு என்ன தெரியும்? அதை யார் கற்றுக் கொள்ளலாம்?

3. உங்கள் சீட்டிலோ குழுவிலோ ஒருவர் வராவிட்டால் யார் போய் விசாரிக்கிறார்கள்?

4. "என் பிடிப்பு" என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதுங்கள்.