சர்க்கரை மாத்திரையும் உபவாச நாளும்

(எங்கள் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகள் எந்தெந்த வார்டுக்குப் போயின என்பதைப் பொருளாளர் ஐயா சற்று முன்பு வாசித்தார்கள். அந்தக் கணக்கில் 'நீரிழிவு மாத்திரைகள்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். மாத்திரைக்குப் பணம் கொடுப்பது நீங்கள். அதை விழுங்குகிறவர்களில் அநேகர் உங்கள் சேகரங்களைச் சேர்ந்தவர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களிலும் சிலர் உண்டு, ஓ.பி. சீட்டு எழுதுகிற எங்களுக்கு அது தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடி பேருக்கு நீரிழிவு உண்டு என்று அது கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது, பெரியவர்களான பின் வருகிற இரண்டாம் வகை. இவர்களுக்கு மாத்திரை உண்மையாகவே நன்மை செய்கிறது. 1977-ல் இங்கிலாந்தில் தொடங்கி 1998-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கெடுதல் குறைகிறது என்று காட்டியது. ஆகவே "மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று சொல்லி நிறுத்துகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, கிட்னியைக் கெடுப்பது சர்க்கரை, மாத்திரை அல்ல.

ஆனால் இன்று பேச வந்தது வேறொன்றைப் பற்றி. சர்க்கரை ஏறுவதைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். இறங்குவதைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் குறைவு. ஏறின சர்க்கரை பெரும்பாலும் வருஷக்கணக்கில் உடம்பை அரிக்கும். இறங்கின சர்க்கரையோ ஒரே பகலில் ஆளைச் சாய்த்துவிடும். லெந்து நாட்களிலும், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களை ஒட்டியும் எங்கள் அவசரப் பிரிவுக்கு இப்படி வருகிறவர்கள் உண்டு.

அப்படி வந்த ஒரு தாயாருக்கு அறுபத்தெட்டு வயது. காலையில் வழக்கம்போல மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஆலயத்துக்குப் போனார்கள். பதினோரு மணிக்கு வியர்த்தது. மின்விசிறி இல்லாத இடம் என்று நினைத்தார்கள். பன்னிரண்டரைக்குப் பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபத்தில் உருகிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தொந்தரவு செய்யவில்லை. கொண்டுவரும்போது நினைவு இல்லை. இரத்தச் சர்க்கரை 31. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினதும் கண் திறந்தார்கள். மாலையில் மறுபடியும் இறங்கியது. மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. "மாத்திரையைத் தவறாமல் போட்டேனே ஐயா" என்று அந்த அம்மா எங்களிடம் கேட்டார்கள். தவறாமல் போட்டதுதான் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள, சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பது தெரிய வேண்டும். அதிகம் பேர் போடுவது மெட்ஃபார்மின். அது கல்லீரல் இரத்தத்தில் விடுகிற சர்க்கரையைக் குறைக்கிறது. தனியாகப் போட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. மற்றது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு என்று 'கிளி'யில் தொடங்கும் கூட்டம். 1942-ல் பிரான்சு தேசத்தின் மோன்பெலியே நகரத்தில், டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு சல்ஃபா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கிப் போயிற்று. அந்தக் கவனிப்பிலிருந்து வந்த குடும்பம் இது. இவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அவை பார்க்கிறதில்லை. விழுங்கினால் வேலை செய்யும்.

எனவே உங்கள் அட்டையை எடுத்து 'கிளி' இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனிப் பெயர். கீழே சிறிதாக இருப்பதுதான் மருந்தின் பெயர். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையானால் இன்னும் கவனம் வேண்டும். 'கிளி' இருந்தால் மாத்திரைக்குப் பிறகு கால் மணி, அரை மணிக்குள் சாப்பாடு வயிற்றுக்குள் போகவேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

உபவாசம் இருக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள் அல்ல. இருக்க விரும்புகிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் வாருங்கள் என்கிறோம். காலை மாத்திரையை மாலைச் சாப்பாட்டோடு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், சிலருக்கு வேறு மருந்தே கொடுக்கலாம். உபவாச நாளில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதில் தடை ஒன்றுமில்லை. 70-க்குக் கீழே போனால் உபவாசத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள், ஏற்கெனவே ஒரு தடவை மயங்கி விழுந்தவர்கள், இன்சுலினும் போடுகிறவர்கள் விஷயத்தில் மட்டும் எங்கள் ஆலோசனை கண்டிப்பானது. அவர்கள் சாப்பிட்டுவிட்டே ஜெபத்துக்கு வரட்டும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், காரணமில்லாத கோபம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், புரோப்ரானலால் போன்றவை போடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி கழித்துப் பாருங்கள். தேறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். தேறினதும் இட்லியோ ரொட்டியோ சாப்பிட வைக்கவேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். 'கிளி' மாத்திரை போட்டவர் நினைவிழந்து எழுந்தால், எழுந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாவுக்கு நடந்ததுபோல ஒரு நாள் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும், திரும்பத் திரும்ப இறங்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் நாம் சாப்பிடும் மாவும் சர்க்கரையும் குடலில் சீக்கிரம் கரையாதபடி தடுக்கின்றன. நம் ஊரில் இது கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினோடு மூன்றாவதாகச் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது. அதைப் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினால் சீனித் தண்ணீர் உடனே உதவாது, மிட்டாயும் உதவாது. கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். ஒரு சிறிய பாக்கெட் பையில் இருக்கட்டும்.

வயதைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறுநீரகம் தளரத் தளர மருந்து உடம்பில் தங்கிவிடுகிறது. ஐம்பது வயதில் எழுதின அளவு எழுபதில் அதிகமாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், கிளிபென்கிளமைடு 60 வயதைத் தாண்டினவர்களுக்கு ஏற்றதல்ல என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் அதைப் போட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். தள்ளாத வயதினருக்கு மூன்று மாதச் சராசரி 7-க்குள் வரவேண்டும் என்று விரட்டுவதைவிட, 8 வரை விட்டுவைப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

அடுத்தது இரண்டு பைகள். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் அநேகருக்கு வாசலிலேயே மாத்திரை கிடைத்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மாத்திரை ஒரு பையில், தனியார் டாக்டர் எழுதினது இன்னொரு பையில் என்று இரண்டையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் வேறு, நிறம் வேறு; உள்ளே இரண்டிலும் கிளிமிபிரைடு. கோ-டிரைமாக்சசோல், காளான் தொற்றுக்கான புளூகோனசோல் போன்றவை சேர்ந்தாலும் அதன் வேகம் கூடிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் பை முழுவதையும் கொண்டுபோய் மேசைமேல் கொட்டுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

மெட்ஃபார்மினுக்கும் சில வார்த்தை. சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். மெல்லமெல்லக் கரையும் வகையை உடைக்காதீர்கள். அதன் கூடு முழுசாக மலத்தில் வந்தால் பயப்படவும் வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது. பல வருஷம் போட்டவர்களுக்கு பி12 சத்து குறையும். கால் மரத்துப்போவதற்கு அதுவும் காரணமாகலாம். வாந்தி, பேதியென்று ஒன்றும் தங்காத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து மருத்துவரைப் பாருங்கள். டாபாகிளிஃப்லோசின் போடுகிறவர்களும் அப்படியே செய்யவேண்டும். பட்டினி நாட்களில் அதனால் இரத்தத்தில் அமிலம் சேரக்கூடும். அதன் பெயரின் நடுவில் 'கிளி' வந்தாலும் முன் சொன்ன கூட்டம் அல்ல.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாத்திரைக்கு நீங்கள் தருகிறது போதுமானதாக இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் சிறு கருவிக்கும் அதன் பட்டைகளுக்கும்தான் எங்களிடம் பணம் இல்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அது எவ்வளவு இறக்குகிறது என்று பார்க்க வழியில்லாமல் ஏழைகளை அனுப்புகிறோம். ஒவ்வொரு சேகரத்துக்கும் ஒரு கருவி, ஒரு பெட்டி பட்டை, ஒரு டப்பா குளுக்கோஸ் பவுடர் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருவர் பெயர் கொடுத்தால் ஒரே பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

லெந்து தொடங்குவதற்கு முந்தின இரண்டு வாரமும் காலை 7.30 மணிக்கே ஓ.பி. திறந்திருக்கும். உபவாசம் இருக்கிறவர்கள் வரிசையில் நிற்கவேண்டாம், நேரே ஆறாம் அறைக்கு வாருங்கள். காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரைப் பையோடு வாருங்கள்.