புள்ளியும் பெயரும்



1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலி கொண்டு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இன்று கல்வராயன் மலைமீது நின்றால், செயற்கைக்கோளின் துணையால் கருவியே நாம் நிற்கும் இடத்தைக் கணித்துவிடுகிறது. ஆயினும், அப்புள்ளியில் இருப்பது யாது என்பதை அளப்பவரே சொல்ல வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆசிரியனாயிருந்தபோது, மாணவருடன் ஊர்ப்படம் ஒன்று வரைய அளந்து வந்தேன். தாளில் நாற்பது புள்ளிகள் இருந்தன. கிணறு எது, புளியமரம் எது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. மறுநாளும் நடந்தோம்.

கணினிவழி நில அளவையில் கிணற்றுக்கு ஒரு குறியீடு, மரத்துக்கு ஒரு குறியீடு வகுப்பர். ஒவ்வொன்றின் கீழும் கேட்க வேண்டிய பண்புகளை முன்னரே அமைப்பர். கிணறானால் ஆழம், நீர்நிலை. மரமானால் இனம், சுற்றளவு. விடை எண்ணா, எழுத்தா, பட்டியலிலிருந்து தெரிவா என்பதும் அப்போதே முடிவாகும். இன்றியமையாததைக் கட்டாயமாக்கவும் இயலும்.

ஆனால், வினாவை வகுப்பவர் மனிதரே. மலைச் சுனையை 'நீர்' என்று மட்டும் குறித்தால், கோடையில் அது வற்றுமா என்பது படத்தில் இராது. அப்படத்தை நம்பிக் குடிநீர்த் திட்டம் வகுத்தால், சித்திரையில் சிற்றூர் தவிக்கும். ஆகவே, மலையேறுமுன் வினாக்களை எழுதிக்கொள்ளுங்கள். கேளாத வினாவுக்கு எக்கருவியும் விடை தராது.