அடிதடிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற அமைதி

அஸ்தம்பட்டியில இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்: 'அஃப்ரே'.

நம்ம ரவுண்டானாவுல ரெண்டு பைக் உரசுது, ரெண்டு பேரும் இறங்கி சட்டையைப் பிடிச்சுக்கிறாங்கன்னு வைங்க. பொது இடத்துல ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ சண்டை போட்டு பொது அமைதியைக் கெடுத்தா, சட்டத்துல அதுக்குப் பேரு அஃப்ரே. அஞ்சு பேரு கூட்டமா சேர்ந்து வன்முறையில இறங்கினா அது கலவரம், வேற பிரிவு. வீட்டுக்குள்ள அடிச்சுக்கிட்டா அஃப்ரே ஆகாது. ஒருத்தர் அடிக்க, இன்னொருத்தர் வாங்கிட்டு மட்டும் நின்னாலும் ஆகாது. சண்டைன்னா ரெண்டு பக்கமும் கை ஓங்கணும்.

சொல்லோட கதை இன்னும் சுவாரஸ்யம். இது பழைய பிரெஞ்சு வழியா வந்தது. உள்ளே பிரிச்சுப் பார்த்தா ரெண்டு துண்டு: 'வெளியே'ன்னு சொல்ற லத்தீன் 'எக்ஸ்', அப்புறம் அமைதியைக் குறிக்கிற ஒரு பழைய ஜெர்மானியச் சொல். இன்னைக்கும் ஜெர்மன்காரங்க அமைதியை 'ஃப்ரீடன்'னுதான் சொல்றாங்க. ஆக, ஒருத்தரை அமைதியிலிருந்து வெளியே தள்றது, அதாவது திடுக்கிட வைக்கிறது. நாம தினமும் சொல்ற 'அஃப்ரெய்ட்' இருக்கே, அது இதே வினைச்சொல்லோட இறந்தகால எச்சம்தான். அடிச்சுக்கிறவங்களை விட, ஓரமா நின்னு பயந்துபோனவங்கதான் இந்தச் சொல்லுக்குள்ள இருக்காங்க.

கேம் ஆடுறவங்களுக்கு 'மெலே' தெரியும். (பாதிப் பேர் 'மீலீ'ன்னு சொல்றீங்க, பரவாயில்லை.) அதுவும் பிரெஞ்சு, கலக்கிறதுன்னு அர்த்தம். நம்ம 'கைகலப்பு' அதே கற்பனைதானே? ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிக்கல. நெருக்கமான சண்டையில யார் கை யாரோடதுன்னு தெரியாது, அவ்வளவுதான். 'தகராறு' மட்டும் அரபியிலிருந்து உருது வழியா வந்தது. அரபியில 'தக்ரார்'னா திரும்பத் திரும்பச் சொல்றது. டீக்கடை வாக்குவாதத்தை நினைச்சுப் பாருங்க, பொருந்துதா?

சரி, தண்டனை. 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல 160-வது பிரிவு: ஒரு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 100 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். 160 வருஷத்துக்கு மேல அந்த நூறு ரூபாய் நகரவே இல்லை! 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 194-வது பிரிவு. அபராதம் 1,000 ஆயிடுச்சு. ஜாமீன் கிடைக்கும், ஆனா வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

தொகை சின்னதுன்னு நினைக்காதீங்க. பாஸ்போர்ட் விண்ணப்பத்துல நிலுவையில இருக்கிற கிரிமினல் வழக்கு பத்திக் கேட்பாங்க. ஆன்சைட் கனவோட இருக்கிறவங்க, உரசின இண்டிகேட்டரோட விலையை முதல்ல விசாரிச்சுக்கோங்க.